காலி வாசலில் நுழையும் இரைச்சல்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லிவிங்ஸ்டன் ஊரை ஒட்டிய பைன் காட்டுக்குள் லைகோ என்ற ஆய்வகத்தின் ஈர்ப்பலைக் கருவி ஒன்று இருக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு நீண்ட குழாய்கள், ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர். அவை சேரும் முனையில் லேசர் ஒளி உள்ளே நுழைய ஒரு வாசல். குழாய்களில் போய்த் திரும்பிய ஒளி வெளியே வந்து உணரியில் விழ இன்னொரு வாசல். இந்த இரண்டாவது வாசல் வழியாக யாரும் லேசரை உள்ளே அனுப்புவதில்லை. அது இருட்டு. ஆனால் கருவியின் துல்லியத்துக்கு எல்லை கட்டியது அந்த இருட்டு வாசல் வழியே உள்ளே நுழைந்த வெறுமைதான். 2019 ஏப்ரல் முதல் அந்த வழியாக வேறொரு வகை வெறுமையை உள்ளே அனுப்புகிறார்கள். கருவி முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது.

வெறுமையில் வகை உண்டா என்று சந்தேகம் வருவது நியாயம். அதற்குப் பதில் சொல்ல, முதலில் அந்தக் கருவி எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒளி ஓர் அலை. அதற்கு முகடும் உண்டு, அகடும் உண்டு. ஒரு குறிப்பிட்ட கணத்தில் அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கட்டம் என்கிறோம். ஒரே ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதைகளில் அனுப்பி, திரும்பச் சேர்த்தால், முகடும் முகடும் சந்திக்கும் இடத்தில் வெளிச்சம், முகடும் அகடும் சந்திக்கும் இடத்தில் இருட்டு. ஒரு பாதை இம்மி நீண்டாலும் இந்தக் கணக்கு மாறும். இருட்டாக இருந்த இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அந்தக் கசிவை அளந்தால் கட்ட வேறுபாடு தெரியும், கட்ட வேறுபாடு தெரிந்தால் நீள வேறுபாடு தெரியும். இப்படி அளக்கும் குறுக்கீட்டுமானிதான் 19ஆம் நூற்றாண்டில் மைக்கெல்சன் கையில் ஈதர் என்ற கற்பனையைச் சோதித்தது. இன்று விமானங்களின் திசைகாட்டும் ஜைரோஸ்கோப்பிலும், கண் மருத்துவமனையில் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனிலும் இருப்பது அதே கொள்கைதான். நாம் செய்கிற துல்லிய அளவீடுகளில் பெரும்பகுதி, கடைசியில் ஒரு கட்டத்தை அளப்பதில் வந்து முடிகிறது.

லைகோ இந்தக் கலையின் உச்சம். 2015 செப்டம்பர் 14 அன்று இரண்டு கருந்துளைகள் மோதி இணைந்த அதிர்வு, அதாவது ஈர்ப்பலை, பூமியைக் கடந்தபோது, லிவிங்ஸ்டனிலும் வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டிலும் இருந்த 4 கிலோமீட்டர் பாதைகள் மாறிய அளவு ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சுற்றி. பயன்படும் லேசர் ஒளியின் அலைநீளம் 1064 நானோமீட்டர். அதாவது அந்த அலையின் நீளத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நகர்வைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒளியை எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு நடுவே சுமார் 300 முறை போய்வரச் செய்து விளைவைப் பெருக்கிக்கொள்கிறார்கள் என்றாலும், மிச்சமிருக்கும் வேலை மலைக்க வைப்பது. நிலநடுக்கம், லாரி ஓட்டம், கண்ணாடியின் வெப்ப நடுக்கம் என்று ஒவ்வொரு இடைஞ்சலையும் பொறியாளர்கள் அடக்கிக்கொண்டே வந்தார்கள். எல்லாவற்றையும் அடக்கியபின் கேட்கும் தொடர்ந்த 'உஸ்ஸ்' சத்தம் ஒன்று மிஞ்சியது. அது ஒளியின் சொந்தச் சத்தம்.

ஒளி துகள்களாக வருகிறது. தகரக் கூரையில் சீராகப் பெய்யும் மழையைக் கேட்டிருப்பீர்கள். சராசரி மாறாவிட்டாலும் துளிகள் தாளம் பிடித்து விழுவதில்லை, கூடியும் குறைந்தும் விழுகின்றன. லேசர் ஒளியும் அப்படித்தான் உணரியில் விழுகிறது. நொடிக்குச் சராசரியாக 10,000 ஒளித்துகள்கள் என்றால், உண்மையில் எண்ணும்போது ஒரு நொடியில் 9,900 வரும், இன்னொன்றில் 10,080 வரும். ஏற்ற இறக்கத்தின் அளவு அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம்: 10,000க்கு 100. அதாவது நூற்றில் ஒரு பங்கு. துகள்களைப் பத்து லட்சமாக்கினால் ஏற்ற இறக்கம் 1,000. ஆயிரத்தில் ஒரு பங்கு. வெளிச்சம் கூடக் கூடத் துல்லியமும் கூடுகிறது, ஆனால் கஞ்சத்தனமாக. துல்லியம் இரு மடங்காக வேண்டுமென்றால் ஒளி நான்கு மடங்கு வேண்டும். பத்து மடங்கு துல்லியத்துக்கு நூறு மடங்கு ஒளி.

அப்படியானால் லேசரின் திறனைக் கூட்டிக்கொண்டே போகலாமே? போனார்கள். இன்று லைகோவின் குழாய்களுக்குள் சுழலும் ஒளியின் திறன் 300 கிலோவாட்டுக்கும் மேல். கண்ணாடியின் பூச்சு அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உறிஞ்சுகிறது. அந்தச் சூடே கண்ணாடியின் வடிவத்தைக் கெடுக்கப் போதுமானது. இதைவிடச் சிக்கலானது, ஒளி கண்ணாடியைத் தள்ளுகிறது என்பது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உயிருள்ள செல்லை லேசரால் பார்க்கும் உயிரியலாளருக்குப் பிரச்சினை இன்னும் நேரடியானது: ஒளியைக் கூட்டினால் செல் செத்துவிடும்.

இந்த இடத்தில்தான் கார்ல்டன் கேவ்ஸ் வருகிறார். 1980ஐ ஒட்டி அவர் கால்டெக்கில் இளம் ஆய்வாளர். பெரிய ஈர்ப்பலைக் குறுக்கீட்டுமானிகள் காகிதத்தில் மட்டும் இருந்த காலம். அப்போது இயற்பியலாளர்களுக்குள் ஒரு சர்ச்சை. லேசரின் துகள் எண்ணிக்கை ஏறி இறங்கினால் அந்த ஏற்ற இறக்கம் இரண்டு பாதைகளுக்கும் சமமாகத்தானே பிரியும்? குறுக்கீட்டுமானி அளப்பது இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை. சமமாகப் பிரிந்தது கழித்தலில் மறைந்துவிட வேண்டும். மறைந்துவிட்டால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது? சிலர், ஒவ்வொரு துகளும் பிரிப்பான் கண்ணாடியில் இடமா வலமா என்று தானாக முடிவெடுக்கிறது, அந்தச் சீட்டுக்குலுக்கல்தான் இரைச்சல் என்றார்கள். விடை சரியாக வந்தது. ஆனால் இப்படிச் சொன்னால் எதுவும் செய்ய முடியாது. துகளின் விருப்பத்தில் யார் தலையிடுவது?

கேவ்ஸ் 1981இல் வெளியிட்ட கட்டுரையில் அதே விடையை வேறு வழியில் வந்தடைந்தார். பிரிப்பான் கண்ணாடிக்கு நான்கு பக்கம். இரண்டு வழிகளில் ஒளி உள்ளே வரலாம். ஒன்றில் லேசர். மற்றதில் ஒன்றுமில்லை. ஆனால் குவாண்டம் இயற்பியலில் 'ஒன்றுமில்லை' என்பதற்கு முழு அமைதி என்று பொருளில்லை. ஒளியே இல்லாத இடத்திலும் மின்காந்தப் புலம் சுழியத்தைச் சுற்றி நடுங்கிக்கொண்டே இருக்கும். இந்த நடுக்கம் காலி வாசல் வழியாக உள்ளே நுழைந்து, பிரிப்பானில் லேசர் ஒளியைச் சந்திக்கிறது. ஒரு பாதையில் அதனோடு கூடுகிறது, மறு பாதையில் கழிகிறது. ஒன்றில் கூட்டல், ஒன்றில் கழித்தல் என்பதால் வேறுபாட்டை எடுக்கும்போது அது மறையாமல் அப்படியே நிற்கிறது. ஆக, குற்றவாளி லேசர் அன்று. இருட்டு வாசலில் நுழையும் வெற்றிடம்.

குவாண்டம் அளவீட்டு இயல் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. கணக்கில் புதிய எண் எதுவும் கிடைக்கவில்லை. இரைச்சலின் முகவரி மட்டும் மாறியது. முகவரி தெரிந்ததும் அங்கே போய் ஏதாவது செய்யலாம் என்றாகிவிட்டது. என்ன செய்யலாம் என்பதையும் கேவ்ஸ் அதே கட்டுரையில் சொல்லிவிட்டார்.

வெற்றிடத்தின் நடுக்கத்துக்கு இரண்டு கூறுகள் உண்டு. லேசர் அலையை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், ஒரு கூறு அந்த அலையின் வீச்சைக் கலைக்கும், மற்றது கட்டத்தைக் கலைக்கும். ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாடு இந்த இரண்டின் பெருக்கற்பலனுக்குத்தான் தரைவிலை வைக்கிறது. தனித்தனியாக எதற்கும் வைக்கவில்லை. சாதாரண வெற்றிடத்தில் இரண்டும் சமம். ஒன்றைக் குறைத்து மற்றதை ஏற்றினால் கோட்பாடு ஆட்சேபிக்காது. கட்டத்தைக் கலைக்கும் கூறு குறைந்த வெற்றிடத்தைச் செய்து, அதைக் காலி வாசலில் ஊற்றினால் போதும்; லேசரைத் தொடாமலே கருவியின் இரைச்சல் குறையும். இப்படிச் செய்யப்பட்ட வெற்றிடத்தை ஆய்வுக்கூடங்களில் ஸ்க்வீஸ்டு லைட் என்பார்கள். இங்கே அமுக்கிய ஒளி என்று வைத்துக்கொள்வோம்.

அதை எப்படிச் செய்வது? லைகோவில் நடப்பது இது. 532 நானோமீட்டர் பச்சை ஒளியைப் பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட் என்ற படிகத்துக்குள் செலுத்துகிறார்கள். எப்போதாவது ஒரு பச்சைத் துகள் உடைந்து, சரியாக இரு மடங்கு அலைநீளமுள்ள இரண்டு அகச்சிவப்புத் துகள்களாகிறது: 1064 நானோமீட்டர், அதாவது லைகோ லேசரின் அதே நிறம். இந்த இரட்டையர் ஒரே பிறப்பு என்பதால் ஒன்றின் ஏற்ற இறக்கமும் மற்றதன் ஏற்ற இறக்கமும் கட்டிப்போட்டதுபோல் தொடர்புள்ளவை. அந்தத் தொடர்பு ஒரு கூறில் ஏற்ற இறக்கங்களை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வைக்கிறது, மறு கூறில் ஏற்றிவிடுகிறது. வெளியே வருவதைச் சாதாரண உணரியில் பார்த்தால் கிட்டத்தட்ட இருட்டு. அந்த இருட்டில் துகள்கள் இரண்டிரண்டாக மட்டுமே இருக்கும்.

இதைக் குவாண்டம் ஒளி என்று அழைப்பதற்கு ஒரு கறாரான அளவுகோல் இருக்கிறது. அதை 1963இல் வகுத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் சுதர்சன். கேரளத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 1980களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். எந்த ஒளியையும் லேசர் போன்ற ஒழுங்கான அலைகளின் கலவையாக எழுதலாம், ஒவ்வோர் அலைக்கும் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று அவர் காட்டினார். அந்தப் பங்குகள் எல்லாம் சாதாரண நிகழ்தகவுகளாக இருந்தால், அந்த ஒளியைப் பழைய அலைக் கொள்கையாலேயே விளக்கிவிடலாம். பங்குகள் எதிர்மறையாகவோ, நிகழ்தகவு என்று சொல்லவே முடியாதபடியோ போனால், அது பழைய கொள்கைக்குப் பிடிபடாத ஒளி. அமுக்கிய ஒளி இரண்டாம் வகை. இந்தத் துறைக்காக 2005இல் ராய் கிளாபருக்கு நோபல் கிடைத்தது; சுதர்சன் பெயர் விடுபட்டது. அப்போது எழுந்த கண்டனம் நியாயமானது என்பதே என் எண்ணம். அமுக்கிய ஒளியின் கணிதத்தைப் பலகூறு அமைப்புகளுக்கு விரித்தவர்களில் அதே சென்னை நிறுவனத்தின் ஆர். சைமனும், அவரோடு சேர்ந்து எழுதிய என். முகுந்தாவும் முக்கியமானவர்கள். லைகோவைப் பற்றி எழுதும்போது நம்மூர்ப் பெயர்களை வலிந்து திணிக்கத் தேவையில்லை. அவை ஏற்கெனவே அஸ்திவாரத்தில் இருக்கின்றன.

காகிதத்திலிருந்து ஆய்வு மேசைக்கு வர நான்கு ஆண்டுகள் ஆயின. 1985இல் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்லஷர் குழு சோடியம் அணுக்களைக் கொண்டு அமுக்கிய ஒளியை முதலில் உண்டாக்கியது. வெற்றிட இரைச்சலைவிட 7 சதவீதம் குறைவு. அவ்வளவுதான், ஆனால் குறைக்க முடியும் என்பது உறுதியானது. அடுத்த ஆண்டே ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் கிம்பிள் குழு படிகத்தைப் பயன்படுத்தி இரைச்சலைப் பாதிக்கும் கீழே இறக்கியது. சுதர்சனும் அப்போது அதே பல்கலைக்கழகப் பேராசிரியர்தான். 1987இல் கிம்பிள் குழு அந்த ஒளியைக் குறுக்கீட்டுமானிக்குள் செலுத்தி, கேவ்ஸ் சொன்னது வேலை செய்கிறது என்று காட்டியது.

பிறகு ஏன் லைகோவுக்கு வர 2019 வரை ஆனது? ஆய்வு மேசையில் மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் செய்வது ஒன்று, ஈர்ப்பலைகள் வரும் சில நூறு ஹெர்ட்ஸில், மாதக்கணக்கில், நிற்காமல் செய்வது வேறு. அந்தக் கடின வேலையைப் பெரும்பாலும் ஜெர்மனியின் ஹனோவர் நகரக் குழுக்கள் செய்தன. அவர்களுடைய 600 மீட்டர் நீளமுள்ள ஜியோ600 கருவி 2010 முதல் அமுக்கிய ஒளியோடு இயங்குகிறது. லைகோவைவிடச் சிறிய, புகழ் குறைந்த கருவி. ஆனால் இந்த விஷயத்தில் எல்லோருக்கும் வாத்தியார். அமெரிக்கப் பக்கத்தில் எம்.ஐ.டி.யில் நெர்கிஸ் மவால்வாலாவின் குழு இதைத் தோளில் சுமந்தது. லாகூரில் பிறந்து கராச்சியில் வளர்ந்தவர் அவர்.

2019இல் தொடங்கிய மூன்றாவது கண்காணிப்பு ஓட்டத்தில் இரண்டு லைகோ கருவிகளும் இத்தாலியின் விர்கோவும் அமுக்கிய ஒளியோடு இயங்கின. லைகோவில் இரைச்சல் இறக்கம் ஹான்ஃபோர்டில் 2 டெசிபல், லிவிங்ஸ்டனில் 2.7. இரைச்சலின் திறன் பாதியாவதுதான் 3 டெசிபல். லேசர் திறனை இரு மடங்காக்குவதற்குச் சமம், அதுவும் கண்ணாடியைச் சூடாக்காமல். எண் சின்னதாகத் தெரியும். ஆனால் கருவி கேட்கும் தூரம் ஹான்ஃபோர்டில் 12 சதவீதமும் லிவிங்ஸ்டனில் 14 சதவீதமும் கூடியது. வானம் முப்பரிமாணம்; 1.12ஐ மும்மடித்தால் 1.40, 1.14ஐ மும்மடித்தால் 1.48. நிகழ்வுகள் கிடைக்கும் வீதம் 40 முதல் 50 சதவீதம் வரை உயர்ந்தது. குவாண்டம் என்ற சொல்லை ஒட்டிக்கொண்டு விளம்பரங்கள் பறக்கிற இந்தக் காலத்தில், இது எண்ணிக் காட்டக்கூடிய ஆதாயம்.

இனி, தள்ளி வைத்த விஷயம். கட்டத்தைக் கலைக்கும் கூறைக் குறைத்தால் வீச்சைக் கலைக்கும் கூறு ஏறும் என்று பார்த்தோம். வீச்சு ஏறி இறங்கினால் கண்ணாடி மேல் ஒளி கொடுக்கும் அழுத்தம் ஏறி இறங்கும், கண்ணாடி நடுங்கும். லைகோவின் கண்ணாடி ஒன்று 40 கிலோ. வெற்றிடத்தின் நடுக்கம் அதை அசைக்குமா? அசைக்கிறது. 2020இல் லிவிங்ஸ்டனில் அதை அளந்தே காட்டினார்கள்: மீட்டரின் 10இன் அடுக்கு மைனஸ் 20 பங்கு. மனிதர் தூக்கத் திணறுகிற ஒரு கட்டி, ஒன்றுமில்லாததால் உதைபடுகிறது.

உயர் அதிர்வெண்களில் கனமான கண்ணாடி அசையச் சோம்பல்படும், எனவே இந்த உதை பொருட்டில்லை. தாழ் அதிர்வெண்களில்தான் தொல்லை. இதற்கான வழியை 2001இல் கிம்பிள், கிப் தோர்ன் உள்ளிட்ட ஐவர் எழுதினார்கள்: உயர் அதிர்வெண்ணில் கட்டம் அமைதியாகவும், தாழ் அதிர்வெண்ணில் வீச்சு அமைதியாகவும் இருக்கும்படி, அதிர்வெண்ணுக்கு ஏற்ப அமுக்கும் திசையைத் திருப்பிவிடு. திருப்புவதற்கு வேண்டியது இரண்டு மிகத் தரமான கண்ணாடிகளுக்கு நடுவே ஒளியைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் ஒரு குழி. லைகோவில் அதன் நீளம் 300 மீட்டர். 2023 மே மாதம் தொடங்கிய நான்காவது ஓட்டத்தில் இது வேலை செய்தது. தூரம் மேலும் 15 முதல் 18 சதவீதம் கூடியது. லிவிங்ஸ்டனில் 35 முதல் 75 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், சாதாரண ஒளியால் ஒருக்காலும் தாண்ட முடியாத தர எல்லைக்கு 3 டெசிபல் வரை கீழே இறங்கியதாக 2024இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரி 14 அன்று பதிவான கருந்துளை மோதல், 2015இன் முதல் மோதலைப் போன்ற எடைகள் கொண்டது. ஆனால் அதைவிடச் சுமார் மூன்று மடங்கு தெளிவாகக் கேட்டது. அந்தத் தெளிவில் பத்தாண்டு மேம்பாடுகள் பலவற்றுக்குப் பங்குண்டு, அமுக்கிய ஒளி அவற்றில் ஒன்று.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் ஒருசில டெசிபலோடு நிற்க வேண்டும்? ஹனோவரில் 2016இலேயே ஆய்வு மேசையில் 15 டெசிபல் எட்டிவிட்டார்கள். இரைச்சலில் முப்பதில் ஒரு பங்கு. அதை அப்படியே கொண்டுபோய்ச் செலுத்தினால் என்ன?

செலுத்தலாம். போய்ச் சேராது. ஒளி செல்லும் வழியில் ஒவ்வொரு லென்ஸும், ஒவ்வொரு பூச்சும், சரியாகப் பொருந்தாத ஒவ்வொரு கற்றையும் சில துகள்களைத் தின்னும். சாதாரண ஒளியில் 20 சதவீதம் தொலைந்தால் 20 சதவீதம் மங்கும், அவ்வளவே. அமுக்கிய ஒளியில் கதை வேறு. தொலைந்த ஒவ்வொரு பங்கின் இடத்திலும் சாதாரண வெற்றிடம் தன் முழு நடுக்கத்தோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். கணக்கு எளிது. 10 டெசிபல் என்றால் இரைச்சல் 0.1. அதில் 80 சதவீதம் வந்து சேர்ந்தால் 0.08, தொலைந்த 20 சதவீதத்துக்கு வெற்றிடம் தருவது 0.2, மொத்தம் 0.28. பத்து டெசிபல் ஐந்தரை ஆகிவிட்டது. பாதி தொலைந்தால் மிஞ்சுவது 2.6. இன்னும் கொடுமை: மூலத்தில் எல்லையற்ற அளவுக்கு அமுக்கினாலும், 20 சதவீதம் தொலைந்தால் 7 டெசிபலுக்கு மேல் கிடைக்காது. ஜியோ600 பத்தாண்டு உழைப்புக்குப் பின் 2021இல் 6 டெசிபலைத் தொட்டதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும். காலி வாசலை அடைத்தாலும், வழியிலுள்ள ஒவ்வொரு விரிசலும் இன்னொரு காலி வாசல்.

குவாண்டம் ஒளி என்றதும் கட்டுரைகளில் வழக்கமாக முதலில் வருவது அமுக்கிய ஒளி அன்று. 'நூன் நிலை' எனப்படும் பின்னலொளி. அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இந்த இழப்புக் கணக்குதான். நூன் நிலையில் ஒரு கூட்டம் துகள்கள் அனைத்தும் முதல் பாதையில், அல்லது அனைத்தும் இரண்டாம் பாதையில் என்ற இரண்டு சாத்தியங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். நான்கு துகள்கள் இப்படிப் பின்னியிருந்தால், அவை மொத்தமாக நான்கு மடங்கு கட்டத்தைச் சுமக்கும். ஒளியின் அலைநீளமே கால்பங்காகச் சுருங்கியதுபோல. துல்லியம் வர்க்கமூலக் கணக்கில் இல்லாமல் துகள் எண்ணிக்கைக்கே நேராக ஏறும். பத்து மடங்கு துல்லியத்துக்குப் பத்து மடங்கு ஒளி போதும். இதற்கு ஹைசன்பர்க் எல்லை என்று பெயர். 2004இல் டொரண்டோவில் மூன்று துகள்களோடும், வியன்னாவில் நான்கு துகள்களோடும் இதன் சாயலைக் காட்டினார்கள். 2007இல் ஜப்பானியக் குழு நான்கு துகள்களோடு சாதாரண எல்லையைத் தாண்டும் தரத்தைக் காட்டியது. ஆனால் இவற்றிலெல்லாம் தொலைந்த துகள்களை, சரியாக அமையாத முயற்சிகளைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டுத்தான் வெற்றி சொல்லப்பட்டது. எதையும் விலக்காமல் நேர்மையாகத் தாண்டியது 2017இல், ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில்; அதுவும் இரண்டு துகள்களோடு.

ஏன் இவ்வளவு சிரமம்? கூட்டத்தில் ஒரே ஒரு துகள் தொலைந்தாலும், எந்தப் பாதையில் தொலைந்தது என்பதே காட்டிக்கொடுத்துவிடும், பின்னல் அறுந்துபோகும். ஒவ்வொரு துகளும் பிழைக்க 90 சதவீத வாய்ப்பு என்று தாராளமாக வைத்தாலும், நான்கு துகள்களும் சேர்ந்து வந்து சேர்வது மூன்றில் இரண்டு முறை. இருபது துகள்கள் என்றால் நூற்றில் 12 முறை. நூறு துகள்கள் என்றால் லட்சத்தில் மூன்று முறைகூட இல்லை. நல்ல ஆய்வகத்தில் ஒரு மில்லிவாட் லேசர் நொடிக்குக் கோடி கோடியாகத் துகள்களைக் கொட்டும்போது, நான்கு துகள்களைப் பின்னி வைத்துக்கொண்டு போட்டியிடுவதில் பொருளில்லை. 2012இல் டெம்கோவிச்-டொப்ஷான்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் இதற்குக் கணித முத்திரை வைத்தார்கள்: கொஞ்சமேனும் இழப்பு இருந்தால், துகள் எண்ணிக்கை ஏற ஏற ஹைசன்பர்க் எல்லை கைநழுவும், எந்தக் குவாண்டம் தந்திரமும் சாதாரண ஒளியைவிட ஒரு நிலையான மடங்குதான் மேம்படும். அந்த மடங்கு எவ்வளவு என்பதை இழப்பு தீர்மானிக்கும். அடுத்த ஆண்டு அதே கணக்கை ஜியோ600க்குப் போட்டுப் பார்த்தார்கள். வலுவான லேசரோடு அமுக்கிய வெற்றிடத்தைச் சேர்க்கும் கேவ்ஸின் பழைய யோசனையே, இழப்புள்ள உலகில் கிடைக்கக்கூடிய உச்சத்துக்கு மிக அருகில் நிற்கிறது என்று தெரிந்தது. விநோதமான நிலைகளைத் தேடிய முப்பதாண்டுக்குப் பின், முதலில் சொன்ன எளிய வழிதான் ஏறக்குறைய சிறந்த வழி என்று முடிந்தது. ஏமாற்றமாகத் தோன்றலாம். எனக்கு நிம்மதியாக இருக்கிறது. பொறியாளர்கள் எதில் கவனம் வைக்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை.

ஒளியைக் கூட்ட முடியாத இடங்களில் இந்தச் சின்ன மடங்கே பெரிது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் வார்விக் போவன் குழு 2013இல் ஈஸ்ட் செல்லுக்குள் நகரும் துணுக்குகளை அமுக்கிய ஒளியால் பின்தொடர்ந்தது. 2021இல் அதே குழு, இதற்குமேல் போனால் செல் சேதமாகும் என்ற ஒளியளவில் இயங்கும் நுண்ணோக்கியில், அமுக்கிய ஒளியைக் கொண்டு தெளிவை 35 சதவீதம் உயர்த்தியது. லேசரைக் கூட்டி அந்தத் தெளிவைப் பெற்றிருக்கவே முடியாது. பார்க்கப்படும் பொருளே எரிந்திருக்கும்.

இந்தியாவிலும் ஒரு லைகோ வரவிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில், சுமார் 2,600 கோடி ரூபாய் செலவில் அமைக்க மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. ஐரோப்பாவின் ஐன்ஸ்டைன் தொலைநோக்கி, அமெரிக்காவின் காஸ்மிக் எக்ஸ்ப்ளோரர் என்ற வருங்கால ஈர்ப்பலைக் கருவிகள் 10 டெசிபலை இலக்காக வைத்துத் திட்டமிடப்படுகின்றன. மேலே போட்ட அதே கணக்கை இங்கேயும் போடலாம். மூலத்தில் 15 டெசிபல் கையில் இருந்தாலும், உணரியில் 10 மிஞ்ச வேண்டுமானால், படிகத்திலிருந்து கடைசிக் கண்ணாடி வரை மொத்த இழப்பு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒளியியல் படிக்கும் மாணவர்கள் குவாண்டம் என்றதும் சமன்பாடுகளின் பக்கம் ஓடுகிறார்கள். கண்ணாடிப் பூச்சு, படிக வளர்ப்பு, உணரி வடிவமைப்பு ஆகியவற்றின் பக்கமும் சிலர் வரட்டும். அந்த 7 சதவீதத்துக்கான வேலை அங்கேதான் இருக்கிறது.